ஜூன் முதல் தேதியில் பிறந்தவன்

சன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள், நன்றி அம்மா. பேருந்தில் எனக்குத் தலை சுற்றும். நீங்கள் வேட்டைக்காரனிருப்பு வரை போகிறீர்களா? நல்லது. நான் அதற்கும் இரண்டு நிறுத்தம் தள்ளி, மணல்மேட்டுக்குப்பம். என் பெயர் சௌந்தரவல்லி. அந்தக் குப்பத்துத் தொடக்கப்பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டு பணியாற்றித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். நல்லாசிரியர் விருது பெற்றவள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பேசுகிறவள் யாரென்று தெரியாமல் ஒரு பேச்சைக் கேட்கக் கூடாது என்பது என் கொள்கை.

முன் இருக்கையில் கம்பியின்மேல் தலை சாய்த்துத் தூங்குகிறாளே, கட்டைவிரலில் மை அப்பியிருக்கிறதே, அவள் அஞ்சலாட்சி. என்னோடு வந்தவள்தான். மெதுவாகப் பேசுகிறேன். அவள் இப்போது விழித்துக்கொள்ளக் கூடாது.

மணி என்ன? ஐந்து நாற்பதா? உங்கள் கடிகாரம் சரியாக ஓடுமா?

நாகப்பட்டினத்தில் தில்லைநாயகம் என்று ஒரு வழக்கறிஞர். ஏழு மணிக்கு அவர் ஒரு கட்டுக் காகிதத்தைக் கணினி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறார். இன்றுதான் கடைசி நாள். அந்தக் கட்டில் நான் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வரி. ஒரே ஒரு வரி அம்மா. அது போகலாமா, கூடாதா என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டும். உங்களுக்கு என்னையும் தெரியாது, அவளையும் தெரியாது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறிச் சொன்னால் எனக்கே பொறுக்காது.

சென்ற புரட்டாசியில் தொலைக்காட்சியில் ஒரு படம் காட்டினார்கள். நீங்களும் பார்த்திருக்கக்கூடும். கறுப்பு வெள்ளைப் படம். நடுக்கடலில் ஒரு படகு, அதன்மேல் சிலுவைபோல் ஒரு குறி. பிறகு ஒரு வெளிச்சம். பிறகு படகு இல்லை. கடல் கடந்த ஒரு பெரிய நாடு, ஆளில்லா விமானத்தால் அதை அடித்ததாம். நாட்டின் பெயரைப் பொது இடத்தில் சொல்லாதீர்கள் என்று வழக்கறிஞர் எச்சரித்திருக்கிறார், ஆகவே சொல்ல மாட்டேன். படகு ஆயுதம் கடத்தியது, ஏழு பேர் ஒழிந்தார்கள், ஏழு பேரும் போரிடும் வயதுடைய ஆண்கள். அந்த நாட்டு அறிக்கை அவ்வளவுதான்.

எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் அன்று ஒரே கூட்டம். பால் வாங்கப் போன நானும் நின்று பார்த்தேன். "ட்ரோனுன்னா, கல்யாண வூட்டுல தலைக்கு மேல ரீங்குன்னு சுத்திப் படம் புடிக்குமே, அதா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். "அதோட பெரியண்ணன்டா. இது மொய் எளுதாது, மோட்சம் குடுக்கும்" என்று இன்னொருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் விளக்கம் சொன்னேன். பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து ஒரு படகை மட்டும் தொடுகிறதே, இதற்குப் பெயர்தான் துல்லியம், குற்றமில்லாதவன் ஒருவன்கூடச் சாகமாட்டான் என்றேன். துல்லியம் என்ற சொல்லை நான் மிகவும் விரும்புவேன். கடைக்காரர் அன்று என்னிடம் காசு வாங்கவில்லை.

அஞ்சலாட்சியும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கே நின்றாள். அவளும் பார்த்தாள்.

நான்காம் நாள் தெரிந்தது, அந்தப் படகில் இருந்த ஏழு பேரில் ஒருவன் அவள் மகன். சிங்காரவேலு. சிங்காரம் என்று கூப்பிடுவோம். வளைகுடாவில் ஒரு அரபியின் மீன்பிடிப் படகில் ஒப்பந்தக் கூலி. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போவார்கள். மற்ற ஆறு பேரும் வேறு வேறு நாட்டார். அவர்கள் எப்படிப்பட்டவர்களோ எனக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய நாடு, ஒரு கோப்பும் இல்லாமலா செய்திருக்கும்? நான் இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் சிங்காரத்தைப் பற்றி எந்தக் கோப்பும் இருந்திருக்க முடியாது. அவனுக்கு வலையைத் தவிர ஒன்றும் தெரியாது. படிப்பும் வராது. பதினாறாம் வாய்ப்பாட்டில் நின்றுவிடுவான்.

உடல் வரவில்லை. எரிந்த படகில் உடல் ஏது? பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்று வீட்டில் கிடந்தது. அதை வைத்துக் காரியம் செய்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்து நாட்டார்கள் கூடி, கடைத்தெருவில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினார்கள். கடவுச்சீட்டைப் பார்த்துத் தேதி போட்டிருந்தார்கள். அஞ்சலாட்சிக்கு எழுத்துத் தெரியாது. "என்ன போட்டுருக்குன்னு படிங்க டீச்சர்" என்றாள். தோற்றம், ஜூன் முதல் தேதி. வயது பத்தொன்பது. படித்தேன்.

"பதினேளுதானே டீச்சர்" என்றாள்.

நான் கேட்காதவள் போல் இருந்தேன். கூட்டம் அதிகமாக இருந்தது.

பதாகை இரண்டு நாள்கூட நிற்கவில்லை. காவல்துறையினர் வந்து, யார் கட்டியது, யார் பணம் கொடுத்தது என்று விசாரித்தார்கள். ஊர் ஒதுங்கிவிட்டது. "சும்மாவா வந்து அடிப்பான்? எதாச்சும் இருந்திருக்கும்" என்று ஆரம்பித்தார்கள். சாவுக்கு அழுதவர்களேதான் அம்மா. சந்தையில் அவள் கூடைக்கு அருகே உட்கார்ந்து விற்பவர்கள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "ஒன் மீனுலயும் குண்டு வச்சிருக்கியாடி?" என்று கேட்டாளாம். வேடிக்கைக்குத்தான் கேட்டாளாம்.

இது பாப்பாக்கோவில்தானே? ஓட்டுநர் ஏன் இவ்வளவு விரைவாகப் போகிறார்?

தில்லைநாயகம் அப்போதுதான் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேசுவார். சட்டம் என்ன என்று அஞ்சலாட்சிக்குப் புரியும்படி சொன்னார். பொதுக்கடலில் ஒரு படகின்மேல் தகுந்த சந்தேகம் இருந்தால் முறைப்படி நிறுத்தலாம், சோதிக்கலாம், பிடிக்கலாம், நீதிமன்றத்தில் நிறுத்தலாம். விசாரிக்காமல் கொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. போர் என்றால் வேறு. அந்த நாடு, கேட்டால் போர் என்கிறது. யாரோடு போர் என்று கேட்டால், அது இரகசியம் என்கிறது. அவர்கள் நீதிமன்றமோ, இது அரசின் பாதுகாப்பு, நாங்கள் தலையிட மாட்டோம் என்று கதவை மூடிவிட்டது. நம் அரசு ஒரு கடிதம் எழுதியது. விசாரித்து வருகிறோம் என்று ஒரு பதில் வந்தது.

நான் விடவில்லை. அந்த ஆறு பேரும் கடத்தல்காரர்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று அவரைக் கேட்டேன்.

"ஆறு பேரும் கடத்தினவங்கன்னே வச்சுக்குவோம் டீச்சர். புடிச்சு உள்ள போடணும். மேலேருந்து பார்த்துட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது."

வகுப்பில் ஒரு பெஞ்சு பேசினால், பேசியது யார் என்று நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், பெஞ்சு முழுவதற்கும் அடி விழும், அதனால்தான் என் வகுப்பு அமைதியாக இருந்தது என்று சொன்னேன்.

"உங்க பெஞ்சு சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிப் போச்சு டீச்சர்" என்றார்.

மரியாதை போதாத பேச்சு.

மீதி இருந்தது ஒரே கதவு. குழந்தைகளின் உரிமைக்கென்று உலக நாடுகள் அமைத்த குழு ஒன்று. பதினெட்டு நிரம்பாதவன் கொல்லப்பட்டான் என்று காட்டினால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஏழு பேரும் போரிடும் வயதுடையவர்கள் என்று அந்த நாடு எழுதியிருக்கிறதல்லவா? அதில் ஒருவன் பள்ளிப்பிள்ளை வயதினன் என்று வெளிப்பட்டால், கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே அடித்தார்கள் என்பது வெளிப்படும். அவன் வயதுதான் வழக்கு என்றார். அவன் வயதோ கடவுச்சீட்டில் பத்தொன்பது. கடவுச்சீட்டுக்கு ஆதாரம் பள்ளிச் சான்றிதழ். பள்ளிச் சான்றிதழுக்கு ஆதாரம் சேர்க்கைப் பதிவேடு. சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து.

ஜூன் முதல் தேதி என்றால் உங்களுக்குப் புரிகிறதா? புரியும், நீங்களும் நம் பக்கத்துக்காரர்தானே. பிறந்த நாள் தெரியாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்தால், ஜூன் முதல் தேதி என்று எழுதி, ஐந்து வயது நிரம்பும்படி ஆண்டைப் போட்டுக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம். என் பதிவேட்டில் மட்டும் ஜூன் முதல் தேதிப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். சிங்காரம் குஜராத் கரையில், மீன்பிடிக் குடிசையில் பிறந்தவன். பிறப்புப் பதிவு கிடையாது. தகப்பன் கடலில் மாண்டபின் அஞ்சலாட்சி அவனைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினாள். என் முன்னால் நிறுத்தி ஐந்து வயது என்றாள். எழுதினேன். அவ்வளவுதான்.

இந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்துக்கொள்ளட்டுமா?

அவள் ஐந்து என்று சொல்லவில்லை. சொல்கிறேன், அந்நியரான உங்களிடம் சொல்வதற்கென்ன. சுனாமிக்கு மூன்றாம் தைப்பூசத்துக்கு மறுநாள் பிறந்தவன், மூன்றரை வயது ஆகிறது, மீன் விற்கப் போகும்போது இவனை விட்டுப்போக இடமில்லை, ஒரு ஓரமாக உட்கார்த்திக்கொள்ளுங்கள், சாப்பாட்டு நேரத்தில் ஒரு தட்டு போடுங்கள் என்றுதான் கேட்டாள். பெயரை எழுதச் சொல்லவேயில்லை. இரக்கப்பட்டு எழுதியது நான். சத்துணவு வேண்டுமானால் பெயர் வேண்டும். இரக்கம்தான் அம்மா. அந்த ஆண்டு பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். இருபதுக்குக் குறைந்தால் பள்ளியைப் பக்கத்து ஊரோடு இணைத்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு. நான் தலைமையாசிரியையாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இணைத்திருந்தால் குப்பத்துப் பிள்ளைகள் எங்கே போயிருக்கும்? அதை எண்ணித்தான். என்னை எண்ணி அல்ல.

அவன் முதல் வகுப்பில் பாதி நாள் தூங்கினான். மணி அடித்தால் விழித்து, தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவான். பெரிய பிள்ளைகள் அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது, வளர்ச்சி குறைந்த பிள்ளை என்றேன்.

பதினெட்டு நிரம்பியது என்று சான்றிதழோடு அவன் வந்து நின்றபோது உண்மை வயது பதினாறரை. மீசை அரும்பவில்லை. "டீச்சர், நீங்க போட்ட தேதியாலதான் சீக்கிரமே பாஸ்போர்ட்டு கெடச்சுது" என்று சொல்லி, ஒரு பொட்டலம் அல்வா கொடுத்தான். நான் வாங்கித் தின்றேன்.

பரவை தாண்டிவிட்டதா?

எட்டு மாதமாக அஞ்சலாட்சி என் வீட்டுப் படியில் வந்து உட்காருவாள். சண்டை போடமாட்டாள். மீன் கொண்டுவந்து வைப்பாள். நான் சைவம் என்பது அவளுக்குத் தெரியும், இருந்தும் கொண்டுவருவாள், அவளிடம் வேறொன்றும் இல்லை. "அவன் சின்னப் புள்ளன்னு ஒரு தாளுல எளுதிக் குடுங்க டீச்சர்" என்பாள். அதே வாக்கியம். ஒரு நாள்கூட மாற்றியதில்லை. நீங்கள் தப்பாக எழுதினீர்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் அவளிடம் நாற்பத்தொரு பேர் கதையைச் சொல்வேன். இவன் தேதி பொய் என்றால் எல்லார் கடவுச்சீட்டும் கேள்விக்குள்ளாகும், அத்தனை குடும்பமும் நடுத்தெருவுக்கு வரும் என்பேன். தலையாட்டிவிட்டுப் போவாள். மறுநாள் வருவாள். வழக்கறிஞரைக் கேட்டபோது, அவர்களில் ஒருவரையும் யாரும் கேட்கப்போவதில்லை என்று சிரித்தார்.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம். விருது வழங்கிய மேடையில் என்னைப் பற்றி வாசித்தார்கள், இவரது பதிவேடுகளில் ஓர் அடித்தல் திருத்தல்கூடக் காண முடியாது என்று. கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தப் பாராட்டுத் தாள் என் கூடத்தில் தொங்குகிறது. இந்த வயதில் நானே என் கையால், பொய் எழுதினேன் என்று எழுத வேண்டுமா?

கடைசி நாள் என்று தெரிந்தபின் நேற்று இரவே நான் வாசகத்தை அமைத்தேன். செம்மையாக அமைத்தேன். சிங்காரவேலு இன்ன நாளில் பிறந்தவன், சேர்க்கையின்போது அவனுக்கு மூன்றரை வயதே என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். அதன்பின் அந்த ஒரு வரி. 'தாயார் கூறிய தவறான தகவலை நம்பியே மேற்படி தேதியைப் பதிவு செய்தேன்.' இதுதான் அம்மா அந்த வரி. அவன் குழந்தை என்பது நிலைநாட்டப்படுகிறதா இல்லையா? அதுதானே வேண்டும்? யார் சொல்லி எழுதியது என்பதில் என்ன இருக்கிறது?

தில்லைநாயகம் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

"அன்னைக்குப் பொய் சொன்ன அம்மா இன்னைக்கு உண்மை சொல்றாங்கன்னு அவங்க ஏன் நம்பணும் டீச்சர்? வேற ஒரு காகிதமும் இல்ல. தடுப்பூசி அட்டையும் தொலைஞ்சு போச்சுன்னு சொல்றீங்க. எங்கிட்ட இருக்கிறது இந்தம்மாவோட வாய் ஒண்ணுதான். அதையும் நீங்க அடைச்சிட்டா, நான் எதை அனுப்ப?"

இந்த வரி இல்லாமல் கையெழுத்திடமாட்டேன் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சான்றொப்பமிடும் நோட்டரி ஆறரைக்குக் கதவடைத்துவிடுவார். ஒரு சாட்சியும் இல்லாததற்கு இது மேல் என்று நினைத்தாரோ, வெறுத்துப்போனாரோ, தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டார். அவள் பெயரிலும் ஒரு பத்திரம். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமல்லவா, அதிலும் அந்த வரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும். குமாஸ்தா வாசித்தார். அந்த இடம் வந்ததும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க அப்படிச் சொன்னது உண்மையாம்மா?" என்று நோட்டரி கேட்டார்.

"ஆமாங்கய்யா. நாந்தான் தப்பாச் சொன்னேன். டீச்சர் எளுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றாள். விரலை நீட்டினாள்.

படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது ஆண்டில் அவள் என்னைத் தொட்டதில்லை. "இப்ப அவன் சின்னப் புள்ளதானே டீச்சர்? தாளுல போட்டாச்சுல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் இப்படித் தூங்குகிறாள். எட்டு மாதமாக அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்த ஒரு வரியால் என்ன குறைந்துவிடும்? எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து படிப்பவர்கள் அதையா பிடித்துக்கொள்ளப்போகிறார்கள்? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? என்ன கேட்டீர்கள்? அட்டையா?

அட்டை தொலையவில்லை.

சேர்க்கையன்று மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். நெகிழித்தாளில் சுற்றி வைத்திருந்தாள். குஜராத்தி எழுத்தில் அச்சடித்த தடுப்பூசி அட்டை, தேதி மட்டும் எண்ணில் இருந்தது. பிறந்த தேதி. ஒரு பிள்ளைக்கு இரண்டு தேதி இருந்தால் பின்னால் தொல்லை வரும் என்று சொன்னேன். நான்தான் அம்மா. அவள் கண்ணெதிரே நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் செய்தால் சரியாகத்தான் இருக்கும். இந்த எட்டு மாதமும் அந்த அட்டையைப் பற்றி அவள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தொலைந்துவிட்டது என்று நான் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றாள்.

அவனை முதலில் குழந்தை அல்லாதவனாக ஆக்கியது எந்த விமானம் என்று கேட்கத் தோன்றுகிறதா உங்களுக்கு? கேட்காதீர்கள். நான் குண்டு போடவில்லை. நான் ஒரு எண்ணை மாற்றினேன். எல்லாரும் மாற்றினார்கள்.

எந்த ஊர் இது, இவ்வளவு கூட்டம் ஏறுகிறதே? வேளாங்கண்ணியா? மணி என்ன? ஆறு எட்டு. எதிரே நிற்பது நாகப்பட்டினம் வண்டியா பாருங்கள், எனக்குப் பலகை தெரியவில்லை. நாகப்பட்டினம்தானா?

வழக்கறிஞருக்கு இரண்டு முறை தொலைபேசி செய்துவிட்டேன், எடுக்கவில்லை. எடுத்தாலும் பயனில்லை, நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். புதிதாக எழுத வேண்டும். வாசகம் நீளம் வேண்டாம், நான்கு வரி போதும். அட்டையில் இருந்த தேதியை நான் கண்ணால் கண்டேன், நானே கிழித்தேன், தாய் உண்மையைச் சொன்னாள், நான் பொய்யை எழுதினேன். நோட்டரி கதவடைத்திருந்தால் அவர் வீட்டுக்குப் போய்த் தட்டுவேன். வீடு தெரியாது, கேட்டுப் போவேன். இந்த நேரத்துக்கு அந்த வண்டி எவ்வளவு நேரத்தில் போய்ச்சேரும்? அரை மணியில் போகுமா? போகும் என்று சொல்லுங்கள்.

கொஞ்சம் எழுந்து வழிவிடுங்கள் அம்மா. இவளை எழுப்ப வேண்டாம். நீங்கள் இறங்குவதற்கு முன் விழித்துக்கொண்டு என்னைத் தேடினால், டீச்சர் குடையை மறந்து வைத்துவிட்டார், எடுக்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.

இல்லை, குடை என் கையில் இருந்ததை அவள் பார்த்தாள். நம்புவாள், பார்த்ததையும் மறந்துவிட்டு நம்புவாள். வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள். டீச்சர் தப்பாக எழுதிவிட்டாள், அதைச் சொல்லப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

கண்டக்டர், ஆள் இறங்க வேண்டும்.